குடித்தால் குடல் தெரியும்: ஸ்கேனுக்கு முன் தரும் அயோடின் மருந்து

அம்மாவுக்கு வயிற்றில் சி.டி. ஸ்கேன் எடுக்கப் போயிருந்தோம். உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு லிட்டர் பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள். பார்த்தால் வெறும் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. ஒரு வாய் குடித்ததும் அம்மா முகத்தைச் சுளித்தார். "இதுல என்னம்மா கலந்திருக்கு?" என்று நர்ஸைக் கேட்டார். "டை தாம்மா. மெதுவாக் குடிங்க, ஒரு மணி நேரத்துல முடிச்சாப் போதும்." அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்த டை தலைமுடிக்குப் பூசுகிற டைதான். அரை பாட்டிலில் நிறுத்திவிட்டார். மீதியையும் குடித்தால்தான் படம் எடுக்க முடியும் என்று ஸ்கேன் அறையிலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. ஒரு லிட்டர் எதையாவது குடிக்கச் சொன்னால், அது என்ன, எதற்கு என்று தெரிந்துகொள்ள யாருக்கும் உரிமை உண்டு. அன்று எனக்கும் பதில் தெரியவில்லை. அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். படிக்கப் படிக்க, இது வெறும் படம் எடுக்க உதவும் பொருள் மட்டுமல்ல என்பதும் புரிந்தது. மருந்தாக இருந்த அயோடின் படம் எடுக்க வந்து, படத்திலிருந்து மறுபடியும் மருந்தாகப் போன கதை இதில் இருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் அந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு.

முதலில் ஒரு விஷயம். இது சாயம் இல்லை. குடலுக்குள் எதையும் இது நிறம் மாற்றுவதில்லை. இது தருவது நிழல்.

எக்ஸ்ரே படமே ஒரு நிழல்தான். ஒரு பக்கத்திலிருந்து கதிரைப் பாய்ச்சி, உடம்பைத் தாண்டி மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கிறார்கள். சி.டி. ஸ்கேன் அதையே உடம்பைச் சுற்றிச் சுற்றி எடுத்து, கணினியில் துண்டு துண்டாக அடுக்கிக் காட்டுகிறது. எலும்பு கதிரைத் தடுப்பதால் வெள்ளையாகத் தெரியும். நுரையீரலில் காற்று இருப்பதால் கறுப்பாகத் தெரியும். குடல், தசை, ரத்தம், பக்கத்தில் இருக்கும் கட்டி எல்லாம் கதிரின் கணக்கில் ஏறக்குறையத் தண்ணீர்தான். எல்லாம் ஒரே சாம்பல் நிறம். சுருங்கிக் கிடக்கும் குடல் மடிப்பு ஒன்று நிணநீர்க் கட்டி போலத் தோன்றலாம். கட்டி குடல் போலவும் தோன்றலாம். குடலுக்குள் கதிரைத் தடுக்கும் ஒன்றை நிரப்பிவிட்டால், இது குடல், இது குடல் இல்லை என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

எந்தப் பொருள் கதிரைத் தடுக்கும் என்பது அதன் அணுவைப் பொறுத்தது. உடம்பில் பெரும்பகுதி ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன். கார்பனின் அணு எண் 6, ஆக்சிஜனின் அணு எண் 8. எலும்பில் இருக்கும் கால்சியத்துக்கு 20. அயோடினுக்கு 53. இந்த எண் இரண்டு மடங்கானால், கதிரை விழுங்கும் திறன் இரண்டு மடங்காகாது, ஏறக்குறைய எட்டு மடங்காகும். அதனால்தான் ஒரு லிட்டர் தண்ணீரில் கொஞ்சம் அயோடின் சேர்மம் கலந்தாலே குடல் முழுக்க வெள்ளையாக மின்னுகிறது.

இந்த அயோடின் கதிரியக்க அயோடின் அல்ல. தைராய்டு புற்றுநோய்க்குத் தருவது வேறு, இது வேறு. இதைக் குடித்தவரிடமிருந்து எந்தக் கதிரும் வெளியே வராது. பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். அதேபோல், காயத்துக்குப் போடும் பழுப்பு நிற அயோடின் மருந்தும் இது இல்லை. அதைக் குடிக்கவே கூடாது. ஸ்கேன் மருந்தில் அயோடின் அணுக்கள் பென்சீன் வளையம் எனும் ஆறு கார்பன் வளையத்தில் இறுக்கமாகப் பிணைக்கப்பட்டிருக்கும், ஒரு வளையத்துக்கு மூன்று. அந்தப் பிணைப்பு எளிதில் அவிழாது என்பதால்தான் அயோடினின் காரம் குடலைத் தாக்குவதில்லை.

வாய்வழியாகத் தருவதில் இரண்டு வகை அதிகம் புழங்குகின்றன. ஒன்று டயாட்ரிசோயேட். காஸ்ட்ரோகிராஃபின் என்ற பெயரில் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். இன்னொன்று அயோஹெக்சால். ஆம்னிபேக் என்பது அதன் வணிகப் பெயர். காஸ்ட்ரோகிராஃபினின் ஒரு மில்லியில் 370 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. அதை அப்படியே குடித்தால் சி.டி. படத்தில் வெள்ளைக் கீற்றுகள் பாய்ந்து படமே கெட்டுவிடும். அதனால் 25, 30 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கிறார்கள். ஒரே மூச்சில் குடிக்காமல் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் பிரித்துக் குடிக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. முதலில் குடித்தது சிறுகுடலின் கடைசிக்குப் போயிருக்க வேண்டும், கடைசியாகக் குடித்தது இரைப்பையில் இருக்க வேண்டும். அப்போதுதான் மேலிருந்து கீழ்வரை எல்லா இடமும் நிரம்பியிருக்கும். அம்மா பாதியில் நிறுத்தியதில் என்ன கெட்டது என்பது எனக்கு இதைப் படித்த பிறகுதான் விளங்கியது.

எல்லா வயிற்று ஸ்கேனுக்கும் இது தேவையில்லை. சிறுநீரகக் கல் தேடும்போதும், குடலுக்குள் ரத்தக் கசிவு தேடும்போதும் வெள்ளை நிரப்பினால் தேடும் பொருளே மறைந்துபோகும். அப்போது வெறும் தண்ணீரோ மானிட்டால் கலந்த தண்ணீரோ கொடுப்பார்கள், அல்லது ஒன்றுமே கொடுக்க மாட்டார்கள். ஆக, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தார்கள், எனக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம்.

வாத்தும் பூனையும்

ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895இல். அடுத்த வருடமே அமெரிக்காவில் ஹார்வர்டில் வால்டர் கேனன் என்ற மருத்துவ மாணவர், விலங்குகள் விழுங்குவதை அந்தக் கதிரில் பார்க்கத் தொடங்கினார். நீளக் கழுத்து வாத்து ஒன்றுக்கு, கதிரைத் தடுக்கும் கன உலோகமான பிஸ்மத்தின் உப்பைக் கொடுத்து, அது கழுத்து வழியாக இறங்குவதைப் பார்த்தார். அடுத்துப் பூனைகளுக்கு உணவில் கலந்து கொடுத்து, இரைப்பை அலை அலையாக அசைவதைப் பதிவு செய்தார். ஒன்றை அவர் கவனித்தார். பூனை மிரண்டாலோ கோபப்பட்டாலோ இரைப்பையின் அசைவு சட்டென்று நின்றுவிடுகிறது. பயமும் கோபமும் உடம்பை என்ன செய்கின்றன என்று அவர் பின்னாளில் செய்த பெரிய ஆராய்ச்சிகளுக்கு விதை அங்கேதான் விழுந்தது. இன்றும் கால்நடை மருத்துவர் பூனைக்கு இந்தப் படம் எடுக்கும்போது, மிரண்ட பூனையின் குடல் மெதுவாகத்தான் நகரும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் படத்தைப் படிக்கிறார்.

பிஸ்மத் உப்பில் நச்சுத்தன்மை இருந்ததால் 1910 வாக்கில் அதன் இடத்துக்குப் பேரியம் சல்பேட் எனும் இன்னொரு கன உலோக உப்பு வந்தது. அயோடின் வந்த வழி வேறு. 1920களில் சிபிலிஸ் எனும் பால்வினை நோய்க்குச் சோடியம் அயோடைடு கொடுப்பது வழக்கம், வாய்வழியாகவும் ஊசியாகவும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் அப்படி மருந்து சாப்பிட்டவர்களை எக்ஸ்ரே எடுத்தபோது சிறுநீர்ப்பை தெளிவாகத் தெரிந்தது. அயோடின் சிறுநீரில் வெளியேறும் வழியில் நிழல் விழுந்திருக்கிறது. 1923இல் அதை வெளியிட்டார்கள். நோய்க்குக் கொடுத்த மருந்து, கொடுத்தவர்கள் நினைத்தே பார்க்காத ஒரு படத்தைக் காட்டியது. அந்த உப்பை அப்படியே நிறையக் கொடுக்க முடியாது, உடம்பு தாங்காது. அயோடினை வளையத்தில் பிணைக்கும் யோசனை அதன் பிறகுதான் வளர்ந்தது. 1950களில் டயாட்ரிசோயேட் வந்தது.

பேரியமா, அயோடினா?

இன்றும் இரைப்பை, உணவுக்குழாய் படங்களுக்குப் பேரியம் நல்ல பொருள். பால் மாதிரி கெட்டியாக இருக்கும். குடலின் உள்சுவரில் படிந்து நுணுக்கமாகக் காட்டும். ஆனால் தண்ணீரில் கரையாது. குடலில் ஓட்டை இருந்து, பேரியம் வயிற்றறைக்குள் கசிந்துவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும். கடும் அழற்சி, பிறகு குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது என்று தொல்லை நீளும். அயோடின் மருந்து கரையக்கூடியது. கசிந்தாலும் உடம்பு அதை உறிஞ்சிச் சிறுநீரில் தள்ளிவிடும். அதனால்தான் குடலில் ஓட்டை விழுந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலும், குடலை வெட்டித் தைத்த பிறகு தையல் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கவும் அயோடின்தான் முதல் தேர்வு.

சரி, அப்படியானால் எப்போதுமே அயோடினைக் கொடுத்துவிடலாமே? முடியாது. அதற்குக் காரணம் நம் வீட்டு ஊறுகாய் ஜாடியில் இருக்கிறது. மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசிறி வைத்தால் மறுநாள் நீர் விட்டிருக்கும். உப்பு வெளியே செறிவாக இருக்கிறது, உள்ளே நீர் இருக்கிறது, செறிவு இருக்கும் பக்கம் நீர் இழுபடுகிறது. காஸ்ட்ரோகிராஃபின் நீர்க்காமல் இருக்கும்போது அதன் செறிவு ரத்தத்தைப் போல ஆறு மடங்குக்கும் மேல். குடலுக்குள் போனால் குடல் சுவரிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே போகும். ஸ்கேனுக்குப் பிறகு சிலருக்கு வயிற்றுப்போக்கு வருவது இதனால்தான். புரையேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் அங்கேயும் நீரை இழுக்கும், நுரையீரல் நீர் கோத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படும் முதியவருக்கும், பக்கவாதம் வந்தவருக்கும், கைக்குழந்தைக்கும் இது உயிராபத்து. எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் பதறியது. விழுங்கும்போது அடிக்கடி புரையேறுகிறது என்ற விவரத்தை யாரும் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்.

இந்தக் குறைக்குத் தீர்வு தேடியவர் டோர்ஸ்டன் அல்மேன் என்ற சுவீடன் நாட்டுக் கதிரியல் மருத்துவர். உப்பு மிகுந்த கடலில் கண்ணைத் திறந்தால் எரிகிறது, உப்பு குறைந்த பால்டிக் கடல் நீரில் அப்படி எரிவதில்லை என்பது அவர் நீந்திக் கண்ட அனுபவம். ரத்தக்குழாயில் கான்ட்ராஸ்ட் எனப்படும் இந்த நிழல் தரும் மருந்தை ஏற்றும்போது நோயாளிகள் வலியில் துடிப்பதற்கும் இதேதான் காரணமாக இருக்க வேண்டும், மருந்தின் செறிவைக் குறைத்தால் வலி குறையும் என்று அவர் 1960களில் வாதிட்டார். தண்ணீரில் இரண்டு துண்டாகப் பிரியாத மூலக்கூறு ஒன்று வேண்டும் என்றார். அந்த யோசனையிலிருந்து நார்வே நிறுவனம் ஒன்று உருவாக்கிய வரிசையில்தான் 1980களில் அயோஹெக்சால் சந்தைக்கு வந்தது. அதன் செறிவு ரத்தத்தைப் போல இரண்டேகால் மடங்கு அளவுதான். தண்ணீர் கலந்தால் இன்னும் குறையும். புரையேறும் அபாயம் இருப்பவர்களுக்கு இன்று தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

ஆனால் அந்த நீரிழுக்கும் குணத்தையே மருத்துவர்கள் மருந்தாக்கிக்கொண்டார்கள். முன்பு எப்போதோ வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தவர்களுக்கு, பல வருடம் கழித்துக்கூட உள்ளே குடல்கள் ஒட்டிக்கொண்டு அடைப்பு வரும். வயிறு உப்பி, வாந்தி எடுத்து வருவார்கள். எல்லோருக்கும் கத்தி வைக்கத் தேவையில்லை, பலருக்குத் தானே சரியாகும். யாருக்குச் சரியாகும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூக்குக் குழாய் வழியாக இரைப்பையைக் காலி செய்துவிட்டு, 100 மில்லி அளவு காஸ்ட்ரோகிராஃபினை அதே குழாயில் விடுகிறார்கள். 24 மணி நேரத்துக்குள் எக்ஸ்ரேயில் மருந்து பெருங்குடலை எட்டியது தெரிந்தால், பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டியிருக்காது. எட்டவில்லை என்றால் காத்திருப்பதில் பயனில்லை என்று முடிவெடுக்கலாம். இதில் படமும் உண்டு, வீங்கிய குடல் சுவரிலிருந்து நீரை இழுத்து அடைப்பை இளக்கும் வேலையும் ஓரளவு உண்டு. குடலின் கழுத்து நெரிபட்டு ரத்த ஓட்டம் நின்றிருக்கும் அறிகுறி இருந்தால் மட்டும் இந்தப் பரிசோதனைக்கெல்லாம் நேரமில்லை, நேரே அறுவை அரங்குதான்.

பச்சிளங் குழந்தைகளிலும் இதே வித்தை. சில குழந்தைகளுக்குப் பிறந்த உடனே வெளியேற வேண்டிய கரும்பச்சை மலம் கோந்துபோல் கெட்டிப்பட்டுக் குடலை அடைத்துவிடும். 1969இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஹெலன் நோப்லெட் என்ற அறுவை மருத்துவர், ஆசனவாய் வழியாகக் காஸ்ட்ரோகிராஃபினைச் செலுத்தி, அது இழுக்கும் நீரில் அந்த மலம் வழுக்கி வெளியேறுவதைக் காட்டினார். இது வாய்வழி அல்ல என்றாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எத்தனையோ குழந்தைகள் அறுவை சிகிச்சையிலிருந்து தப்பியிருக்கின்றன. ஒரு நிபந்தனை: குடலுக்குள் இழுபடும் நீர் குழந்தையின் ரத்தத்திலிருந்து போவதால், கூடவே கையில் குளுக்கோஸ், உப்பு நீர் ஏறிக்கொண்டிருக்க வேண்டும்.

நாய் மாங்கொட்டையை விழுங்கினால்

கால்நடை மருத்துவத்தில் கேள்வி இன்னும் சிக்கலானது, ஏனென்றால் நோயாளி பேசாது. நாய் இரண்டு நாளாக வாந்தி எடுக்கிறது. மாங்கொட்டையா, பந்தா, பழைய சாக்ஸா? இவை சாதாரண எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது. கான்ட்ராஸ்ட் கொடுத்தால், வெள்ளைக்கு நடுவில் அடைத்திருக்கும் பொருளின் வடிவம் தெரியும், அல்லது வெள்ளை எங்கே நின்றுபோகிறது என்று தெரியும். வழக்கமாகப் பேரியம்தான். பூனை நூலை விழுங்கியிருந்தால் கதை வேறு. நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலோடு இழுபட்டு, குடல் மடிந்து மடிந்து சுருங்கும். நாளாக ஆக அந்த நூல் ரம்பம் போலக் குடலை அறுத்துவிடும். அப்போது பேரியம் வேண்டாம், கரையக்கூடிய அயோடின்தான்.

அதிலும் எந்த அயோடின் என்பது முக்கியம். இரண்டு கிலோ எடையுள்ள, வாந்தியில் நீர் வற்றிப்போன பூனைக்குட்டிக்கு நீரிழுக்கும் மருந்தைக் கொடுத்தால், மிச்சமிருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். அதோடு, வாயைத் திறக்கவே மறுக்கும் பூனைக்குப் புரையேறும் வாய்ப்பு எப்போதும் உண்டு. ஆகவே தண்ணீர் கலந்த அயோஹெக்சாலைத்தான் பலரும் விரும்புகிறார்கள். பேரியத்தைவிட இது குடலில் வேகமாக ஓடும். ஆகவே படங்களையும் அடுத்தடுத்துச் சீக்கிரம் எடுக்க வேண்டும். இந்த வேகம் ஆமைக்கு வைத்தியம் பார்க்கும்போது வரம். ஆமையின் குடலை உணவு கடந்து முடிக்க வாரக்கணக்கில் ஆகலாம், பேரியத்தோடு அத்தனை நாள் காத்திருக்க முடியாது. பறவைகளுக்கும் அயோஹெக்சால் பயன்படுகிறது.

மாட்டுக்கு இது உதவாது. பிளாஸ்டிக் பை தின்று வயிறு உப்பிய மாட்டைப் பார்க்கும்போதெல்லாம் இப்படி ஒரு படம் எடுக்க முடிந்தால் என்று தோன்றும். ஆனால் வளர்ந்த மாட்டின் முதல் வயிறு மட்டுமே 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அதை நிரப்ப மருந்தும் கிடையாது, அந்தப் பருமனை ஊடுருவி நல்ல படம் தரும் எக்ஸ்ரே கருவியும் சாதாரண மருத்துவமனையில் கிடையாது.

பித்தப்பைக்கு வந்து தைராய்டுக்குப் போன மாத்திரை

இதுவரை சொன்னவை குடலிலேயே தங்கி, மலத்தோடு வெளியேறும் மருந்துகள். நல்ல குடலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் ரத்தத்தில் சேரும். உறிஞ்சப்படுவதற்காகவே செய்த வாய்வழி அயோடின் மருந்தும் ஒரு காலத்தில் இருந்தது. அது பித்தப்பைக்கானது.

1924இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம், வாரன் கோல் என்ற இரு அறுவை மருத்துவர்கள், ஈரல் வழியாகப் பித்தத்தில் வெளியேறும் ஒரு சேர்மத்தோடு கனமான அணுவைச் சேர்த்தால் பித்தப்பையின் நிழல் விழுமே என்று யோசித்து நாய்களில் முயன்றார்கள். திரும்பத் திரும்பத் தோல்வி. ஒருநாள் ஒரே ஒரு நாய்க்கு மட்டும் பித்தப்பை அழகாகத் தெரிந்தது. விசாரித்தால், அன்று காலை அந்த நாய்க்குச் சாப்பாடு போட ஆள் மறந்திருக்கிறார். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கி உள்ளே இருப்பதைக் கொட்டிவிடும். பட்டினி கிடந்தால்தான் மருந்து அங்கே தேங்கிச் செறிவாகும். வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று வயிற்று ஸ்கேனுக்கு இன்றும் சொல்கிறார்களே, பித்தப்பையைப் பொறுத்தவரை காரணம் இதுதான். அவர்கள் முதலில் புரோமினைச் சேர்த்தார்கள், பிறகு அதைவிடக் கனமான அயோடினுக்கு மாறினார்கள்.

1950களில் டெலிபேக் என்ற பெயரில் அயோபனோயிக் அமில மாத்திரை வந்தது. முந்தின நாள் இரவு ஆறு மாத்திரை, மொத்தம் 3 கிராம். மூலக்கூறின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அயோடின்தான், ஆக 2 கிராம் அயோடின் உள்ளே போகிறது. மறுநாள் காலை எக்ஸ்ரேயில் பித்தப்பை வெள்ளைப் பை போலவும், கற்கள் அதில் கறுப்புப் புள்ளிகளாகவும் தெரியும். ஐபோடேட் என்ற இன்னொரு மருந்தும் இதே வேலையைச் செய்தது. 1980களில் அல்ட்ராசவுண்ட் பரவியதும், மாத்திரையும் காத்திருப்பும் இல்லாமலே கல் தெரிந்தது. இந்த மாத்திரைகளின் காலம் முடிந்தது.

அதற்குள் ஒரு விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4 என்ற ஹார்மோனைத்தான் வெளியிடுகிறது. அதில் நான்கு அயோடின் அணுக்கள். உடம்பின் பல இடங்களில் இருக்கும் ஒரு நொதி, அதில் ஓர் அயோடினைக் கழற்றி டி3 ஆக்குகிறது. வேகமாக வேலை செய்வது டி3தான். பித்தப்பை மாத்திரையின் மூலக்கூறும் அயோடின் கோத்த வளையம்தானே? நொதி அதைப் பிடித்துக்கொண்டு ஏமாந்துபோகிறது. டி4இலிருந்து டி3 ஆவது தடைபடுகிறது. ஓரிரு நாளில் ரத்தத்தில் டி3 வெகுவாக இறங்கிவிடும். போதாக்குறைக்கு, மருந்திலிருந்து மெல்லக் கழன்று வரும் அயோடின் சுரப்பியின் வாயையும் கொஞ்ச காலம் அடைக்கிறது. தைராய்டு எல்லை மீறிச் சுரந்து, காய்ச்சலும் படபடப்புமாக உயிருக்கே ஆபத்தான நிலையில் வருபவர்களுக்கும், அவசரமாகத் தைராய்டு அறுவை சிகிச்சைக்குத் தயார் செய்ய வேண்டியவர்களுக்கும் இந்த மாத்திரைகள் உதவின. முதலில் தைராய்டைக் கட்டுப்படுத்தும் மருந்து, பிறகுதான் இது. வரிசை மாறினால் வரும் அயோடினை வைத்தே சுரப்பி இன்னும் ஹார்மோன் செய்துவிடும்.

இதே ஆபத்துதான், சிறிய அளவில், ஸ்கேன் மருந்திலும் இருக்கிறது. நமக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். ஒரு லிட்டர் பாட்டிலில் கலக்கும் 30 மில்லி காஸ்ட்ரோகிராஃபினில் இருப்பது 11 கிராம். அதில் மிகச் சிறிய பங்கு ரத்தத்தில் சேர்ந்து, அதிலும் மிகச் சிறிய பங்கு தனி அயோடினாகக் கழன்றாலே தைராய்டுக்கு அது பெரிய விருந்து. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஏற்கெனவே தைராய்டு அதிகம் சுரப்பவர்களும், கழுத்தில் முண்டு முண்டாகத் தைராய்டு வீங்கியிருப்பவர்களும் கட்டாயம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்களும் சொல்ல வேண்டும். சுரப்பி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அந்தச் சிகிச்சை உள்ளே போகாது, பல வாரம் தள்ளிப்போட வேண்டிவரும். முன்பு எப்போதாவது கான்ட்ராஸ்ட் போட்டு உடம்பில் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தாலும் சொல்ல வேண்டும். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் இதற்காகத் தனியாகப் பயப்பட வேண்டாம். அந்த ஒவ்வாமை இறாலில் இருக்கும் புரதத்தால் வருவது, அயோடினால் அல்ல.

பூனைக்கு வருகிறேன். வயதான பூனைகளுக்குத் தைராய்டு அதிகமாகச் சுரப்பது மிகச் சாதாரணம். நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போகும், ராத்திரியெல்லாம் கத்தும், நெஞ்சு படபடவென்று அடிக்கும். வழக்கமான மருந்து மெத்திமசோல். சில பூனைகளுக்கு அது வாந்தி, முகத்தில் அரிப்பு, ரத்த அணுக்கள் குறைவது என்று ஒத்துக்கொள்வதில்லை. அப்படிப்பட்ட பூனைகளுக்கு 1990களில் ஐபோடேட் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்ட பூனைகள் தேறின. எடை கூடியது, இதயத் துடிப்பு இறங்கியது. இதில் கவனிக்க வேண்டியது, டி4 அளவு இறங்காது, டி3தான் இறங்கும் என்பது. வழக்கம்போல டி4ஐ மட்டும் பரிசோதித்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று தப்பாக முடிவெடுத்துவிடுவோம். நோய் முற்றிய பூனைகளுக்குப் பலன் குறைவு, பலன் கிடைத்தவற்றிலும் சில மாதத்தில் மங்கிவிடலாம். அதனால் அறுவை சிகிச்சை வரையோ கதிரியக்க அயோடின் சிகிச்சை வரையோ தாங்கவைக்கும் பாலமாகத்தான் அது இருந்தது.

இன்று பெரும்பாலான நாடுகளில் ஐபோடேட்டும் அயோபனோயிக் அமிலமும் கிடைப்பதில்லை. பித்தப்பைக்கு அவை தேவைப்படாமல் போனதும் தயாரிப்பு நின்றது. தைராய்டுக்காகத் தேடும் சில மனிதர்களும் சில பூனைகளும் ஒரு தொழிற்சாலையை ஓட்டப் போதவில்லை.